ஒரு கட்டிலுக்கு எட்டு வெள்ளைக் கோட்டு

1

ஊருக்குப் போன் போட்டால் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். ஜெனி டாக்டர் ஆயாச்சா? அண்ணன் பெண்டாட்டி, என் மைனி, கேட்கிறாள், கோயில் உபதேசியார் கேட்கிறார், எங்கள் ஊர் கருங்கல் சந்தையில் மீன் விற்கிற அக்காவும் யாரிடமோ விசாரித்தாளாம். ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. போன வாரம் வார்டில் ஒரு கூத்து நடந்தது. அதைச் சொன்னால் எல்லாம் விளங்கிவிடும். இதைப் படித்த பிறகும் யாராவது கேட்டால் போனை வைத்துவிடுவேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் விஜிலா. துபாய்ப் பக்கத்து ராஸ் அல் கைமாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆண்கள் சர்ஜரி வார்டில் நர்ஸ். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்காரர் ஞானதாஸ் ஒரு டைல்ஸ் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். ஜெனி ஒரே மகள். இங்கேயே பிறந்தாள், இங்கேயே படித்தாள். தமிழ் பேசுவாள், ஆனால் முதலில் மனசுக்குள் இங்கிலீஷில் யோசித்துவிட்டுத்தான் பேசுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளைக்கூட இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுவாள்.

அவளுக்கு டாக்டர் ஆக வேண்டும். நீட் மார்க் அரசுக் கல்லூரிக்கு எட்டவில்லை; ஊர்த் தனியார் கல்லூரி எங்களுக்கு எட்டவில்லை. அப்போதுதான் துபாயில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டார்கள். டை கட்டிய ஒரு ஏஜெண்ட் வந்து ஒரு தீவைக் காட்டினான். மேப்பில் அதன்மேல் ஒரு ஈ உட்கார்ந்தால் தீவு மறைந்துபோகும். முதல் ரெண்டு வருஷம் அங்கே பாடம், பிறகு உலகத் தரம் வாய்ந்த ஆஸ்பத்திரிகளில் பயிற்சி என்றான். பளபளவென்று ஒரு விளம்பரப் புத்தகம் கொடுத்தான். கடைசிப் பக்கத்தில் அந்த உலகத் தர ஆஸ்பத்திரியின் படம். பார்த்தால் எங்கள் ஆஸ்பத்திரி வாசல்! எங்கள் நேபாளி செக்யூரிட்டி ஓரத்தில் நின்று காது குடைந்துகொண்டிருக்கிறான்.

நான் எழுந்து நின்று, அங்கேதான் வேலை பார்க்கிறேன், உங்கள் மாணவன் ஒருத்தனைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லையே என்று கேட்டேன். ஏஜெண்டுக்கு முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "அப்ப உங்க மகளே முதல் ஆளா இருக்கட்டும் மேடம்" என்றான். ஞானதாஸ் சிரித்துவிட்டார். சிரித்த மனுஷனால் பிறகு எப்படி மறுக்க முடியும்? சேர்த்தோம்.

2

இந்தக் கல்லூரிகளைப் பற்றி நான் கண்டுகொண்டதைச் சொல்கிறேன். கட்டடத்தை வாடகைக்கு எடுக்கலாம். வாத்தியாரை விமானத்தில் வரவழைக்கலாம். எலும்புக்கூட்டைப் பெட்டியில் வாங்கலாம். உயிருள்ள நோயாளியை எந்தக் கடையில் வாங்குவது? வயிற்றில் கைவைத்துப் பார்க்காமல் ஒருத்தரும் டாக்டர் ஆக முடியாது. அதனால் சொந்தமாக ஆஸ்பத்திரி இல்லாத கல்லூரிகள் எல்லாம் அடுத்தவன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கின்றன. ஆஸ்பத்திரிக்காரனுக்கும் கொண்டாட்டம். ஒரே கட்டிலை ரெண்டு தடவை விற்கலாம், ஒருமுறை படுக்கிறவனுக்கு, இன்னொருமுறை பக்கத்தில் நிற்கிறவனுக்கு.

ஜெனி தீவிலிருந்து ரெண்டு வருஷப் பாடம் முடித்துத் திரும்பினாள். கறுத்து, மெலிந்து, மாம்பழத்தில் மிளகாய்ப்பொடி போட்டுத் தின்கிற பழக்கத்தோடு வந்தாள். தீவுக்காரர்களிடம் படித்தாளாம். அதைக் கருங்கலிலேயே படித்திருக்கலாம் என்று நான் சொன்னேன்.

பிறகு காகிதங்கள். போலீஸ் சான்றிதழ், தடுப்பூசிச் சான்றிதழ், பயிற்சி அனுமதி. அனுமதிக்குக் கல்லூரியின் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் தருவதற்கு அனுமதியின் நகல் வேண்டும் என்று கல்லூரி சொன்னது. நாம் தூங்கும்போது அவர்களுக்குப் பகல். கடைசியாக ஒரு மெயில் வந்தது: புயல் காரணமாக அலுவலகம் மூடப்பட்டுள்ளது. நான் அன்றைக்கு அந்தப் புயலுக்கு நல்லது நினைக்கவில்லை.

ஒருவழியாக அவளும் அவள் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேரும் எங்கள் வார்டுக்கே சர்ஜரி போஸ்டிங்குக்கு வந்தார்கள். வார்டில் நான் அவளுக்கு சிஸ்டர், அவள் எனக்கு மாணவி. மம்மி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

வார்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்குவாரி, சிமென்ட் பாக்டரி, டிரெய்லர் ஆட்கள். ஹிந்தி, பெங்காலி, பஷ்தூ, தமிழ். முதல் நாள் ஒரு திருநெல்வேலிக்காரர் கால் மரத்துப்போச்சு என்றார். என் மகள் ரொம்ப அக்கறையாக என்னிடம் வந்து, ஏன் அவர் காலை மரம் என்று சொல்கிறார் என்று கேட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. அந்த வார இறுதியில் முனியசாமி வந்தார். முதுகுளத்தூர்ப் பக்கம், குவாரியில் கல் உடைக்கிற கிரஷர் மெஷின் ஆப்பரேட்டர். ரொம்ப நாளாக இருந்த குடலிறக்கம் அடைத்துக்கொண்டு, வயிறு பானை போல உப்பி, வாந்தியோடு வந்தார். ஜெனிதான் அவரிடம் கேட்டு எழுதினாள். எங்கள் சர்ஜன் டாக்டர் ஹிஷாம் வந்ததும் நெஞ்சை நிமிர்த்தி இங்கிலீஷில் ஒப்பித்தாள். வலி இத்தனை நாளாக, வாந்தி இத்தனை முறை, அப்புறம், "மூன்று நாளாக இவர் வெளியே போகவில்லை."

ஹிஷாம் எகிப்துக்காரர். குரல் பெரிசு, மனசும் பெரிசு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இந்த வயிற்றோடு இவர் எங்கே போவார், கடற்கரைக்கா என்று கேட்டார்.

நான் டிரேயைக் கீழே வைத்துவிட்டேன். முனியசாமி சொன்னது, மூணு நாளா வெளிக்குப் போகல என்று. அதாவது மலம் கழியவில்லை. குடல் அடைத்தவனிடம் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமே அதுதான். அதை என் மகள் வெயிலுக்குப் பயந்து ரூமில் கிடந்ததாக எழுதி வைத்திருக்கிறாள். நான் விளக்கினேன். ஹிஷாம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்குக் கைவைத்தவுடனே விஷயம் தெரிந்துதான் இருந்தது. அன்று சாயங்காலமே ஆபரேஷன் செய்து, அழுகிப்போன கொஞ்சம் குடலை வெட்டித் தைத்தார். ஜெனி ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேறு என்ன வார்த்தை சொன்னால் அவளுக்குப் புரிந்திருக்கும் என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் அதை நாங்கள் எப்போதும் டாய்லெட் என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

3

அடுத்த திங்கட்கிழமை டியூட்டிக்குப் போனால் வார்டில் தெரியாத வெள்ளைக் கோட்டுகள் நிற்கின்றன. இன்னொரு கல்லூரி. தலைமையகம் ஐரோப்பாவில் எங்கேயோ, வகுப்பு துபாயில் ஒரு கட்டடத்தின் பாதி மாடியில். அவர்களுக்கும் எங்கள் வார்டையே விற்றிருக்கிறார்கள். பழைய நாலு, புதிய நாலு. கட்டிலைச் சுற்றி எட்டு பேர் நின்றார்கள். நான் பிளட் பிரஷர் பார்க்க வேண்டுமென்றால் முழங்கையால் வழி பண்ணிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

பயிற்சி மாணவர்களைக் கவனிக்கிற பினோய் என்கிற திருச்சூர்ப் பையனிடம் போனேன். அவன் மேஜையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேனேஜ்மெண்ட் ரெண்டு கல்லூரியோடும் ஒப்பந்தம் போட்டுவிட்டது, ஆனால் சர்ஜரியில் இத்தனை பேருக்கு இடமில்லை என்று ஹிஷாம் கத்துகிறார், ஆகவே ஒரு கல்லூரிக்காரர்களை வெளியே அனுப்ப வேண்டும் என்றான். எந்தக் கல்லூரி என்று கேட்டேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"சேச்சி, புதிய ஆட்கள் ஐந்து வருஷத்துக்குக் கான்ட்ராக்ட் போட்டிருக்காங்க" என்றான். "இதொரு பிசினஸ் அல்லே."

சர்ஜரி போஸ்டிங் முடியாமல் வெளியே போனால் ஜெனிக்கு அந்த வருஷம் போச்சு. தீவுக் கல்லூரி வேறு ஆஸ்பத்திரி பார்த்துத் தராது. நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று எழுதிவிடும். அவளுக்கு முந்தைய பிள்ளைகளுக்கு அப்படித்தான் எழுதியது. அதில் ஒரு பையன் அல் ஐன் வரைக்கும் எல்லா ஆஸ்பத்திரி வாசலிலும் ஏறி இறங்கிவிட்டு, இப்போது கார் வாடகைக் கம்பெனியில் வேலை பார்க்கிறான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஞானதாஸ் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். ஜெனி அழவில்லை. அந்த வார இறுதி வரைக்கும் டைம் இருக்கா என்று மட்டும் கேட்டாள்.

4

மறுநாள் காலையில் முனியசாமி கட்டிலுக்குப் போனேன். ஆபரேஷன் முடிந்த ஆள். மூக்கில் டியூப். புதிய கோட்டுகளில் ஒருத்தன் வயிற்றை அமுக்குகிறான், அவன் கையை எடுத்ததும் அடுத்தவன் அமுக்குகிறான், மூன்றாவது ஆள் ஸ்டெதஸ்கோப்பை வைக்கிறான். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முனியசாமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, போர்வை நுனியை வாயில் கடித்திருந்தார். வரிசையில் என் மகளும் கையைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டு நின்றாள்.

எனக்கு நான் படித்த மிஷன் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. அங்கேயும் இப்படித்தான், ஒரு கட்டிலைச் சுற்றி நாங்கள் பத்துப் பிள்ளைகள் நிற்போம். குளச்சல் பக்கத்துக் கடல்காரர் ஒருத்தர், வயிற்றில் கட்டி. மூன்றாவது நாள் எழுந்து உட்கார்ந்து, "எளவு, கூட்டம் கூட்டமா வந்து பாக்கியதுக்கு நான் என்ன கரை ஒதுங்கின திமிங்கிலமாட்டி?" என்று கேட்டார். நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. எங்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார், நாங்கள் போனோம். ஊரில் சொந்தக்காரர்கள் சுற்றி நிற்பார்கள், மனுஷனுக்கு அந்தத் தைரியம் இருக்கும். இங்கே லேபர் கேம்பிலிருந்து வந்து தனியாகப் படுத்திருக்கிறவனுக்கு யார் இருக்கிறார்கள்? வெள்ளைக் கோட்டு எல்லாமே டாக்டர், மறுத்தால் கம்பெனிக்குச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்கிறான்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. ஒவ்வொரு கட்டிலாகப் போனேன். தமிழனிடம் தமிழில், பாயிடம் ஹிந்தியில், பெங்காலியிடம் கையையும் ஆட்டிச் சொன்னேன். இவர்கள் டாக்டர் இல்லை, படிக்கிற பிள்ளைகள். உங்களைத் தொட வேண்டுமென்றால் உங்களிடம் கேட்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் மாஃபி, அதாவது கிடையாது என்று சொல்லுங்கள். உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

மத்தியானத்துக்குள் வார்டு முழுக்க ஒரே சத்தம். மாஃபி. மாஃபி. வேணாம். நஹி. ஒரு பெங்காலி இத்தனை நாள் அமுக்கினதற்கும் சேர்த்து மூன்று தடவை சொன்னார். எட்டுக் கோட்டும் வராந்தாவில் நின்றன.

ஜெனியும்தான். முனியசாமியிடம் அவள் எங்கள் பிள்ளைதான் என்று நானே கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். "தெரியும் சிஸ்டர். நல்ல புள்ளதான்" என்றார். "ஆனா வேணாம். அலுப்பா இருக்கு." நானே கொடுத்த வார்த்தை. திரும்ப வாங்க முடியுமா?

5

வீட்டில் அன்று ஜெனி கத்தினாள். மற்ற நர்ஸ் யாரும் செய்யாததை நீங்கள் ஏன் செய்தீர்கள் என்றாள். பேஷண்ட் இல்லாமல் பயிற்சி லாக் புக்கில் யார் கையெழுத்துப் போடுவார் என்றாள். நானும் கத்தினேன். முனியசாமியின் வாயில் போர்வை இருந்ததை நீ பார்த்தியா என்று கேட்டேன். பார்த்தேன் என்றாள்.

"விஜிலா, ஒனக்கு மகளை வெளிய தள்ள பினோய் தேவையில்ல, கேட்டியா. நீயே போதும்" என்றார் ஞானதாஸ். சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து டீ போட்டார். அவருக்கு அப்படித்தான், வாய் ஒரு பக்கம் போனால் கை இன்னொரு பக்கம் போகும்.

மறுநாள் எனக்கு ஆபீசிலிருந்து அழைப்பு. நோயாளிகளைத் தூண்டிவிட்டதாகப் புகார். அறையில் பினோய், நர்சிங் மேலாளர், ஹிஷாம். நான் தூண்டவில்லை, கேட்கச் சொன்னேன் என்றேன். ரெண்டு கல்லூரிகளும் கோபத்தில் இருக்கின்றன என்றார் மேலாளர். எனக்கும் கோபம்தான், நான் யாரிடம் புகார் கொடுக்க என்று கேட்டேன். வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைத்த அடுத்த நிமிஷமே விசா ஞாபகம் வந்துவிட்டது.

ஹிஷாம் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, சிஸ்டர் சொன்னது இந்த ஆஸ்பத்திரியின் விதி என்றார். வாசலில் அரபியிலும் இங்கிலீஷிலும் எழுதி மாட்டியிருக்கிறது, யாரும் படித்ததில்லை, அவ்வளவுதான். இனிமேல் என் வார்டில் கட்டிலுக்கு ஒரு மாணவர். நோயாளி யாரை ஒத்துக்கொள்கிறாரோ அவர் நிற்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் தனக்கென்று ஒரு நோயாளி உள்ளவர் போஸ்டிங்கில் தொடரலாம். எந்தக் கல்லூரி என்று என்னிடம் சொல்லாதீர்கள். "கலாஸ்", பேச்சு முடிந்தது என்று எழுந்துவிட்டார். பினோய் முகத்தில் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. முடிவெடுக்கிற பாரம் அவன் தலையிலிருந்து இறங்கிவிட்டதல்லவா. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் தந்தார்கள்.

6

நான் ஒதுங்கிவிட்டேன். ஜெனிக்காக யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் இருக்கிற பக்கமே போய்க்கொண்டிருந்தேன்.

அவள் முனியசாமியிடம் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்காமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், நான் தினம் வந்து உங்களைப் பாக்கலாமா? வேண்டாம்னா போயிடுறேன்."

"இன்னைக்கு வேணாம் தாயி."

சரி என்று எழுந்து வந்துவிட்டாள். மறுநாள் காலையிலும் அதே கேள்வி, அதே பதில். அதற்குள் புதிய கல்லூரிப் பையன் ஒருத்தன் ஒரு பஞ்சாபிக்காரரிடம் கிரிக்கெட் பேசி இடம் பிடித்துவிட்டான். ஜெனியின் சினேகிதி ஒருத்திக்கும் ஒரு பெங்காலி கிடைத்துவிட்டார். கிரிக்கெட் பேசேன்டி என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கினேன்.

வெள்ளிக்கிழமைக் காலை அவள் மறுபடியும் போய் உட்கார்ந்தாள். கேட்பதற்கு முன்னாலேயே முனியசாமி, "வா. ஒத்தையா வர்றியா?" என்றார். தலையாட்டினாள். "கை சில்லுனு இருக்குமா?" உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டினாள். "அப்பச் சரி. பாரு" என்றார்.

ரொம்ப நேரம் பார்த்தாள். குடல் தைத்தவருக்கு அந்த நாட்களில் ஒன்றே ஒன்றுதான் வேண்டும், உள்ளே குடல் மறுபடி ஓட வேண்டும். ஓடினால் முதலில் காற்று பிரியும். அது வரும்வரை தண்ணீர்கூடக் கிடையாது. ஜெனி காதில் குழாயை வைத்து வயிற்றின் நாலு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிர்க் கட்டிலில் டிரிப் மாற்றுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். அந்த டிரிப்பில் இன்னும் பாதி இருந்தது.

அப்போது முனியசாமி வார்டு முழுக்கக் கேட்கும்படி காற்று விட்டார்.

கிரஷர் ஓட்டுகிறவரின் சத்தம் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் பஞ்சாபிக்காரர் கைதட்டினார். வார்டே கைதட்டியது. முனியசாமி டியூப் போட்ட மூக்கோடு கையெடுத்து எல்லாருக்கும் கும்பிட்டார். ஜெனி வராந்தாவில் ஓடினாள், கோட்டு பறக்க, எதிரே ரவுண்ட்ஸ் வந்த ஹிஷாமை இடிக்காத குறையாக நிறுத்தி இங்கிலீஷில் கொட்டினாள். நோயாளிக்குக் காற்று பிரிந்துவிட்டது, குடல் சத்தம் நாலு பக்கமும் கேட்கிறது, இன்னும் வெளிக்குப் போகவில்லை. அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் தமிழிலேயே சொல்லிவிட்டாள். ஹிஷாமுக்கு அது புரிந்தது. இந்த வார்டில் அந்த ஒரு தமிழ் வார்த்தை இப்போது எல்லாருக்கும் தெரியும்.

அவளுடைய லாக் புக்கில் அவர் கையெழுத்துப் போட்டார். போஸ்டிங் தொடரலாம். எட்டில் ஐந்து பேர் தங்கினார்கள், ரெண்டு கல்லூரியிலும் கலந்து. மற்ற மூன்று பேரையும் பினோய் வேறு வார்டில் ஒட்டவைக்கப் பார்க்கிறான்; அதில் ரெண்டு பேர் ஜெனியின் கூட்டாளிகள். இது ஜெயிப்பு இல்லை, இந்தத் தடவை தப்பித்தோம். சர்ஜரி முடிந்தால் மெடிசின், அதற்கும் யார் யாரோ வாசலில் நிற்பார்கள். ஆகவே மைனி, ஆகவில்லை. ஆகிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று ஜெனி இன்னொரு நோயாளியைக் கேட்கப் போனாள். கான் பாய், டிரெய்லர் ஓட்டுகிற பட்டாணியர், பித்தப்பைக் கல். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நஹி என்றார். சிரித்துக்கொண்டே ஷுக்ரியா என்று நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

எனக்கு எங்கேயோ ஏறிவிட்டது. என் மகளிடமா வேண்டாம் என்கிறான்? ஐந்து வேளையும் அவன் தொழ விரிப்பு எடுத்துக் கொடுப்பது நான், கஞ்சியில் உப்புக் குறைந்தால் ஓடுவது நான். நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவன் கட்டில் பக்கம் நடந்தேன். ஜெனி குறுக்கே வந்து என் கையைப் பிடித்தாள். வார்டில் கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தும் கூப்பிட்டாள்.

"மம்மி. வேண்டாம்னு சொல்றதுக்கு அவருக்கு ரைட்ஸ் இருக்கு. நாளைக்குக் கேட்டுக்குறேன். நீங்க உங்க வேலையப் பாருங்க."

என் வேலை என்றால், கான் பாய்க்கு ஊசி நேரம் ஆகியிருந்தது. போய்ப் போட்டேன். வலிக்காமல்தான் போட்டேன்.